நவம்பர் கடைசியில் அம்மாவோடு மூன்று நாள்: எந்த ஊருக்குப் போகலாம்?

கேள்வி: நானும் கணவரும் 14 ஆண்டுகளாக லண்டனில் வசிக்கிறோம். இருவரிடமும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் திருநெல்வேலியிலிருந்து என் அம்மா வந்து நான்கு மாதம் எங்களோடு தங்கப்போகிறார். வயது 69. வலது முழங்காலில் தேய்மானம் இருப்பதால் மெதுவாகத்தான் நடப்பார். படி ஏறினால் வலிக்கும். சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். அரசுப் பள்ளியில் 30 ஆண்டுகள் வரலாறு நடத்தியவர். எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைப்பது நவம்பர் கடைசி வார இறுதியில், வெள்ளி முதல் திங்கள் வரை மட்டுமே. வெனிஸ், லிஸ்பன், வியன்னா என்று மூன்று ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறோம். கணவருக்குக் கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க ஆசை. எது சரியாக வரும்? நான்காவதாக ஓர் ஊர் உங்கள் மனதில் இருந்தாலும் சொல்லுங்கள். அம்மாவிடம் பிரிட்டன் விசா இருக்கிறது.

— ஒரு வாசகி, லண்டன்

பதில்:

அன்புச் சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதம் ஜூன் மாதத்திலேயே வந்து சேர்ந்தது நல்லதாகப் போயிற்று. கடைசி வரியில் நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அம்மாவிடம் இருக்கும் பிரிட்டன் விசா நீங்கள் எழுதியிருக்கும் மூன்று ஊர்களில் ஒன்றுக்கும் செல்லாது. இத்தாலி, போர்ச்சுகல், ஆஸ்திரியா மூன்றும், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் என்னும் ஐரோப்பிய நாடுகளின் குழுவில் இருக்கின்றன. இந்தியப் பாஸ்போர்ட்டில் அங்கே போகத் தனியாக ஷெங்கன் விசா வேண்டும். "லண்டனுக்கு வந்த பிறகு இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். லண்டனில் இருக்கும் ஐரோப்பியத் தூதரகங்கள் பொதுவாகப் பிரிட்டனில் வசிக்கும் உரிமை உள்ளவர்களின் விண்ணப்பத்தையே ஏற்கும். பார்வையாளர் விசாவில் வந்தவரை, ஊருக்குப் போய் அங்கே விண்ணப்பியுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடும். ஹோட்டலும் விமான டிக்கெட்டும் எடுத்த பிறகு இது தெரியவந்து, அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் மட்டும் போய்வந்த குடும்பங்களை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று நாளும் அவர்கள் மனம் எங்கே இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அம்மா திருநெல்வேலியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, இந்தியாவிலேயே இந்த விசாவை வாங்கிவிட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், எனவே இப்போதே வழி திறந்திருக்கிறது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கைரேகை கொடுக்க அம்மா நேரில் போக வேண்டியிருக்கும். எந்த நாட்டில் தங்கப்போகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், ஊர் எது என்று நீங்கள் முதலில் முடிவு செய்தாக வேண்டும். "அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட இடமில்லை. விண்ணப்பத்தோடு பிரிட்டன் விசாவின் நகல், பயணம் லண்டனில் தொடங்கி லண்டனிலேயே முடிகிறது என்று விளக்கும் உங்கள் கடிதம், செலவை நீங்கள் ஏற்பதற்கான வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை வையுங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகை ஹோட்டலையே பதிவு செய்யுங்கள்.

இனி ஊருக்கு வருகிறேன்.

கோடைக் காலத்தில் ஐரோப்பாவில் எந்த ஊருக்குப் போனாலும் பெரிதாகத் தவறாகாது. நவம்பர் கடைசியில் அப்படி இல்லை. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நான் முதலில் பார்ப்பது அங்கே எத்தனை மணிக்கு இருட்டும் என்பதை. அதன்பிறகு, கூட வருபவர்களில் மெதுவாக நடப்பவர் யார், அந்த ஊரின் தரை அவருக்கு எப்படி இருக்கும் என்பதை. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் ஊர் தானாக அமைந்துவிடும்.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வயதான தம்பதியையும் அவர்கள் மகனையும் நவம்பர் கடைசியில் கோபன்ஹேகனுக்கு அனுப்பிவைத்தேன். அழகான ஊர், நல்ல ஹோட்டல், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சமயத்தில் அங்கே காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் உதிக்கும், மாலை நான்குக்குள் மறைந்துவிடும். பெரியவர்கள் குளித்து, சாப்பிட்டு, உடுத்திக் கிளம்பவே பதினொன்றாகிவிடும். முதல் இடத்தைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டை முடிப்பதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. திரும்பி வந்ததும் அந்த அம்மா என்னிடம், "ஊர் நன்றாக இருந்தது தம்பி, ஆனால் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். அன்றிலிருந்து சூரியன் மறையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளாமல் நான் யாருக்கும் ஊர் சொல்வதில்லை.

உங்கள் பட்டியலில் முதலில் வெனிஸ். அதை உடனே எடுத்துவிடுங்கள். காரணம் வெள்ளம் என்று நினைப்பீர்கள். நவம்பர் அங்கே கடல் நீர் ஊருக்குள் ஏறும் மாதம் என்பது உண்மைதான். 1966 நவம்பர் 4 அன்று நீர் 194 சென்டிமீட்டர் உயரத்தைத் தொட்டது. 2019 நவம்பர் 12 அன்று 185 சென்டிமீட்டருக்கும் மேல். ஆனால் 2020 அக்டோபரிலிருந்து, பெரிய நீரேற்றம் வரும் நாட்களில் கடல் வாயில்களில் இருக்கும் தடுப்புக் கதவுகளை எழுப்பிவிடுகிறார்கள். அதனால் அந்தப் பயம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. என் கவலை பாலங்கள். அந்த ஊரில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன, அநேகமாக எல்லாவற்றிலும் படி. பத்து நிமிடம் நடந்தால் மூன்று பாலமாவது ஏறி இறங்க வேண்டும். கார் கிடையாது, டாக்சி என்றால் படகுதான். அந்தப் படகில் ஏறி இறங்குவதும் தேய்ந்த முழங்காலுக்குச் சோதனையே. பனிமூட்டத்தில் வெனிஸ் எவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மா ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பார். அது வேண்டாம்.

லிஸ்பனை மறுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. வரலாற்று ஆசிரியை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் தோன்றியது லிஸ்பன்தான். 1498-ல் கோழிக்கோட்டுக் கரையை அடைந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை, அந்த நகரின் பெலேம் பகுதியில் ஜெரோனிமுஸ் மடாலயத்தில் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் அந்தப் பெயரை எழுதியவருக்கு அந்த இடம் எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் மாதம் ஒத்துவரவில்லை. லிஸ்பனில் மழை மிகுந்த மாதங்களில் நவம்பரும் ஒன்று. சராசரி 100 மில்லிமீட்டரைத் தாண்டும். நம் வடகிழக்குப் பருவமழையைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை, உண்மை. சிக்கல் எங்கே என்றால், லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர், அதன் நடைபாதைகளில் சிறுசிறு சுண்ணாம்புக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். பல்லாண்டு கால்பட்டு வழுவழுப்பான கற்கள். நனைந்துவிட்டால் சோப்பு நீர் கொட்டிய தரை மாதிரி வழுக்கும், அதுவும் சரிவில். இளைஞர்களே அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அம்மா மறுமுறை வரும்போது, மே மாதத்தில் ஒரு வாரம் ஒதுக்கி லிஸ்பனுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வியன்னா நல்ல தேர்வு. உங்கள் கணவரின் ஆசையும் நியாயமானது. நவம்பர் நடுப்பகுதியிலேயே நகர மன்றத்தின் முன்னால் சந்தை தொடங்கிவிடும். தரை சமதளம், டிராம் வசதி அருமை. நான்கு மணிக்கெல்லாம் இருட்டினாலும் அந்த ஊர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அதன் வாழ்க்கையே அறைகளுக்குள்தான் நடக்கிறது. காபிக் கடையில் சலவைக்கல் மேசைக்கு ஒரு காபியும் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டால், அதன் பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் புரூகல் வரைந்த ஓவியங்களுக்கென்று ஓர் அறையே இருக்கிறது. பனியில் வேட்டைக்காரர்கள் வீடு திரும்பும் 1565-ஆம் ஆண்டு ஓவியம் அங்கேதான் இருக்கிறது, அதைப் பார்க்க நவம்பரை விடப் பொருத்தமான மாதம் இல்லை. இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் தயங்குகிறேன் என்றால், குளிர். பகலிலேயே ஏழெட்டு டிகிரிதான். சந்தையின் அழகு இருட்டிய பிறகு வெளியில் நின்று பார்ப்பதில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு மாதம் லண்டன் குளிரைத் தாங்கிய அம்மாவை, இன்னும் குளிரான ஓர் இடத்தில் இரவில் நிற்கவைக்க வேண்டுமா? அந்தக் குளிரில் முழங்கால் இறுகிக்கொள்ளும். வியன்னாவை உங்கள் இருவருக்காக வைத்துக்கொள்ளுங்கள். சந்தை கிறிஸ்துமஸ் வரை இருக்கும்.

நான் சொல்லும் நான்காவது ஊர் ஸ்பெயினின் தெற்கில் இருக்கும் செவில். ஸ்பெயினும் ஷெங்கன் நாடுதான். அந்த ஊர்க்காரர்கள் செவியா என்பார்கள்.

நவம்பர் கடைசியில் அங்கே பகல் வெப்பம் சராசரியாக 18 முதல் 20 டிகிரி. சூரியன் மறையும்போது மாலை ஆறு மணி தாண்டியிருக்கும். அதே நாளில் லண்டனில் நான்கு மணிக்கு விளக்குப் போட்டிருப்பார்கள். இந்த இரண்டு மணி நேரம்தான் உங்கள் மூன்று நாளையும் மாற்றப்போகிறது. அம்மா நிதானமாகப் பத்தரைக்குக் கிளம்பினாலும் பகல் மிச்சமிருக்கும். காலை மட்டும் எட்டே காலுக்குத்தான் விடியும், அதனால் சீக்கிரம் எழுப்பிவிட வேண்டாம். மழை வராது என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் நவம்பர் மழை மாதம்தான். ஆனால் வந்தால் பெய்து முடித்துவிட்டு வெயில் வரும் நாட்களே அதிகம். அதோடு, பழைய நகரம் தட்டையான ஊர். குன்று கிடையாது. கடைவீதிகள் பலவற்றில் வாகனமே வராது, வழியெங்கும் உட்காரப் பெஞ்சுகள் இருக்கின்றன. லண்டனிலிருந்து நேரடி விமானம் உண்டு, மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

தெருவோரங்களில் வரிசையாக ஆரஞ்சு மரங்கள். நவம்பர் கடைசியில் காய்கள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு நிச்சயம் நார்த்தங்காய் நினைவு வரும். அந்த நினைவு சரியானதுதான், அவை கசப்பு ஆரஞ்சு. பறித்துத் தின்ன முடியாது. பிரிட்டனில் ஜனவரியில் மார்மலேடு காய்ச்சுவது இந்த ஊர்ப் பழத்தில்தான். லண்டனில் உங்கள் வீட்டு ரொட்டியில் தடவுவது எங்கிருந்து வருகிறது என்று அம்மாவுக்கு அங்கே காட்டலாம். தெருமுனைகளில் செஸ்ட்நட் கொட்டைகளைக் கரியில் வாட்டி விற்பவர்கள் நிற்பார்கள், அவர்கள் அடுப்புப் புகை தெரு முழுக்கப் பரவியிருக்கும். ஒரு பொட்டலம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாலே குளிருக்கு இதமாக இருக்கும்.

இப்போது அந்த ஆசிரியைக்காகச் சொல்கிறேன். செவில் பேராலயம் இருக்கும் இடத்தில் முன்பு பெரிய மசூதி இருந்தது. அதன் தொழுகைக் கோபுரம் 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டி முடிக்கப்பட்டது. இன்று அதுதான் பேராலயத்தின் மணிக்கூண்டு, ஹிரால்தா என்று பெயர். உயரம் 100 மீட்டருக்கு மேல். "கோபுரமா, அம்மாவால் முடியாதே" என்பீர்கள். இந்தக் கோபுரத்தில் ஏறுவதற்குப் படிக்கட்டு வைக்கவில்லை. தொழுகைக்கு அழைப்பவர் குதிரையில் ஏறிப் போவதற்காக, உள்ளே சுற்றிச்சுற்றி 35 சரிவுப் பாதைகளாகக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். உச்சியில் மட்டும் கொஞ்சம் படிகள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் எண் எழுதியிருக்கும், வழியில் சாளரங்கள் இருக்கும். அம்மா ஐந்தாவதிலோ பத்தாவதிலோ நின்று வெளியே பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்; உச்சி வரை போயே ஆகவேண்டும் என்று யாரும் வற்புறுத்த வேண்டாம். ஏறுவதை விட இறங்கும்போதுதான் தேய்ந்த முழங்காலுக்கு வலி அதிகம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பேராலயத்துக்குள் கொலம்பஸின் கல்லறை இருக்கிறது. காஸ்தில், லியோன், அரகான், நவார் என்ற நான்கு பழைய அரசுகளைக் குறிக்கும் நான்கு உருவங்கள் பேழையைத் தோளில் சுமந்து நடப்பது போன்ற சிற்பம். அமெரிக்காவுடனான போரில் 1898-ல் ஸ்பெயின் கியூபாவை இழந்தபோது, ஹவானாவிலிருந்து எடுத்துவரப்பட்ட எச்சங்கள் அவை. வெளியே வந்தால் ஆரஞ்சு மர முற்றம். மசூதிக்கு வந்தவர்கள் கைகால் கழுவிய இடம். மரத்துக்கு மரம் நீர் ஓடும் சிறு வாய்க்கால்களை இன்றும் தரையில் பார்க்கலாம். அங்கே அம்மாவை உட்காரவைத்து அரை மணி நேரம் சும்மா விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை மதியத்துக்குப் பிறகே விடுவார்கள். ஆகவே சனிக்கிழமை போங்கள்.

எதிரிலேயே இந்தியத் தீவுகளின் ஆவணக் காப்பகம். பெயரைப் பார்த்து நம் நாடு என்று எண்ண வேண்டாம். ஸ்பெயினின் அமெரிக்க, பிலிப்பைன்ஸ் ஆட்சி ஆவணங்களை 1785-லிருந்து அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். நுழைவு இலவசம், கூட்டமும் இருக்காது. பக்கத்திலேயே அல்காசர் அரண்மனை. 1360-களில் கிறிஸ்தவ அரசன் பெத்ரோ தனக்காகக் கட்டிய மாளிகையின் சுவரெங்கும் அரபு எழுத்துகள், இஸ்லாமியக் கைவினைஞர்களின் வேலைப்பாடு. இதைப் பார்த்தால் உங்கள் அம்மா உங்களுக்கே ஒரு வகுப்பு எடுத்துவிடுவார். நுழைவுச் சீட்டை நேரம் குறித்து முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே மூடிவிடுவார்கள்.

மூன்றும் அருகருகே இருப்பதால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடிக்காதீர்கள். சனிக்கிழமை பேராலயமும் காப்பகமும் போதும். அல்காசரை ஞாயிறு காலைக்கு வையுங்கள். வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதும் ஸ்பெயின் சதுக்கத்துக்கு மட்டும் போய்வாருங்கள். 1929 கண்காட்சிக்காகக் கட்டிய பிறைவடிவக் கட்டடம் அது. நாட்டின் மாகாணங்களுக்கென்று ஓவிய ஓடுகள் பதித்த 48 திண்ணைகள் வைத்திருக்கிறார்கள், அந்தந்த ஊர் வரலாற்றைத் தீட்டி. மாலை வெயில் படும் திண்ணையாகப் பார்த்து உட்காரலாம். "ரயிலில் முக்கால் மணி நேரம்தானே, கொர்தோபாவும் போய்வரலாமா?" என்று கணவர் கேட்பார். எல்லோரும் கேட்பார்கள். இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் மிகவும் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஸ்பெயின் சைவர்களுக்குக் கஷ்டமான நாடு என்ற பெயர் முழுப் பொய்யில்லை. ஆனால் செவிலுக்கே உரிய ஓர் உணவு இருக்கிறது: எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து, பூண்டும் சீரகமும் மிளகாய்ப் பொடியும் போட்டு, வறுத்த ரொட்டியை அரைத்துவிட்டுக் கெட்டியாகச் செய்வார்கள். சின்ன மண் சட்டியில் சூடாக வரும். மேலே ஆலிவ் எண்ணெய் மினுங்கும். முதல் வாயிலேயே சீரகம் தெரியும், அம்மா தலை நிமிர்ந்து உங்களைப் பார்ப்பார். நம் வீட்டுக் கீரைக்கூட்டின் தூரத்துச் சொந்தம் அது. பல கடைகளில் கிடைக்கும். இறைச்சிச் சாறு சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய கத்தரிக்காய்த் துண்டுகளைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவதும் உண்டு. காலையில் வாட்டிய ரொட்டியில் தக்காளி விழுதும் ஆலிவ் எண்ணெயும். அத்துடன் பால் காபி, நம் நாக்குக்குப் பழகியதுதான். மாவும் தண்ணீரும் உப்பும் பிசைந்து எண்ணெயில் பிழிந்தெடுக்கும் சுர்ரோ பலகாரத்தில் முட்டை கிடையாது.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை: சால்மொரெகோ என்ற குளிர்ந்த தக்காளிச் சாற்றின் மேல் முட்டையும் பன்றி இறைச்சித் துணுக்கும் தூவுவார்கள். "காய்கறி சாலட்" என்று வருவதில் சூரை மீன் கலந்திருக்கும், அவர்கள் அதை அசைவமாகவே நினைப்பதில்லை. ஒரு தாளில் "சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன், சின் உவேவோ" என்று எழுதிக் காட்டுங்கள். இறைச்சி, பன்றி இறைச்சி, சூரை, முட்டை இல்லாமல் என்று பொருள். 1670-லிருந்து நடக்கும் எல் ரின்கொன்சில்யோ என்ற கடையில் அந்தக் கீரை பிரசித்தம். கணக்கை மரப் பலகையின் மேலேயே சுண்ணக்கட்டியால் எழுதிக் கூட்டுவார்கள். ஆனால் அங்கே கூரையிலிருந்து பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கும். அம்மாவின் மனம் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். அருவருப்பாக இருக்கும் என்றால் வேறு கடை பாருங்கள்.

அந்த ஊரில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல். ஏழரைக்குச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது தொந்தரவு. மதியத்தைப் பெரிய சாப்பாடாக வைத்துக்கொண்டு, இரவுக்குப் பழமும் ரொட்டியும் தயிரும் வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் கடைகள் மூடும் நேரத்தில் அம்மா அறைக்கு வந்து காலை நீட்டிப் படுக்கலாம். ஊரே ஓய்வெடுக்கும்போது அவரும் ஓய்வெடுப்பார், தன்னால் எல்லோருக்கும் தாமதம் என்ற எண்ணம் வராது.

தங்குமிடத்தை சாந்தா குரூஸ் பகுதியில் எடுக்க வேண்டாம். படத்தில் மிக அழகாக இருக்கும். ஆனால் சந்துகள் குறுகலாக இருப்பதால் டாக்சி வாசல் வரை வராது. பேராலயத்துக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட எல் அரெனால் பகுதியில் பாருங்கள். முன்பதிவுக்கு முன் இரண்டு கேள்விகளை எழுதிக் கேளுங்கள்: லிஃப்ட் தெருவின் தரைமட்டத்திலிருந்தே தொடங்குகிறதா, அறையில் வெப்பமூட்டும் வசதி இருக்கிறதா. அங்கே வீடுகள் கோடை வெயிலுக்காகக் கட்டப்பட்டவை, தரையெல்லாம் ஓடு. வெளியே வெயில் அடித்தாலும் இரவில் அறைக்குள் குளிரும். கனமான காலுறையும் ஒரு சால்வையும் கட்டாயம் எடுத்துவையுங்கள்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவியைப் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சட்டப்படி அது இலவசம். "நான் நடப்பேன், எதற்கு?" என்று அம்மா மறுக்கக்கூடும். விமான நிலையத்தில் நடக்கும் தூரம் ஊரைச் சுற்றும் தூரத்தில் பாதி என்று சொல்லுங்கள். தவிர, 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லைகளில் படிப்படியாக வந்த புதிய பதிவு முறைப்படி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ள உங்கள் இருவரிடமும் முதல்முறை கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். வரிசை நீளும். அம்மா அதில் நின்றுகொண்டிருக்கக் கூடாது.

திங்கட்கிழமை நுண்கலை அருங்காட்சியகம் மூடியிருக்கும். அந்த ஊர் ஓவியர் முரில்யோவின் ஓவியங்களைப் பார்க்க விரும்பினால் ஞாயிறு காலையே போய்விட்டு, அல்காசரைத் திங்கள் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். எப்படி வைத்தாலும் திங்கள் அன்று கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரத்தை மட்டும் ஆற்றங்கரைக்கு ஒதுக்குங்கள். குவாதல்கிவிர் ஆறு, கரையில் 13-ஆம் நூற்றாண்டுக் காவல் கோபுரமான தங்கக் கோபுரம். உலகை முதன்முதலாகச் சுற்றிவந்த பயணத்துக்காக, 1519 ஆகஸ்ட் 10 அன்று மெகல்லனின் ஐந்து கப்பல்கள் இந்த ஆற்றின் வழியாகத்தான் இறங்கிப் போயின. மெகல்லன் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். 1522 செப்டம்பர் 8 அன்று விக்டோரியா என்ற ஒரே ஒரு கப்பல், எல்கானோவின் தலைமையில், 18 பேரையும் கிராம்பு மூட்டைகளையும் சுமந்துகொண்டு இங்கே திரும்பி வந்து சேர்ந்தது. கோபுரத்துக்குப் பக்கத்தில், ஆற்றைப் பார்த்தபடி உட்கார இடம் இருக்கிறது. அந்தப் பாடத்தை அம்மாவையே நடத்தச் சொல்லுங்கள். அங்கிருந்து விமான நிலையத்துக்கு டாக்சியில் அரை மணி நேரம்தான், கட்டணமும் நிர்ணயிக்கப்பட்டது. அவசரப்படுத்த வேண்டியிருக்காது.